டேக் போட்டிருந்தார்களாம், நாகண்ணா

நாகண்ணா போயிட்டார்.

எங்கள் ஓசூர் பிளான்ட்டில் சேஃப்டி பார்த்துக்கொண்டிருந்த நாகராஜ் அண்ணா. போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். ஐரோப்பாவுக்கு டூர் போன இடத்தில்... கொன்றுவிட்டார்கள்.

நிஜமாகத்தான் எழுதுகிறேனா என்று இருக்கிறது.

காலையில் இருந்து வாட்ஸப்பில் ஆளுக்கு ஒன்று. கத்திக்குத்து என்று ஒருத்தர். ஓடுகிற காரிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று இன்னொருத்தர். ஹார்ட் அட்டாக்தான், சும்மா பரப்பாதீர்கள் என்று பழைய சூப்பர்வைசர் ஒருத்தர். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் இல்லையா?

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் ஓரளவு தெரிந்தது. ஆனால் புரியவில்லை.

ஏனென்றால் நாகண்ணா அப்படி ஏமாறுகிற ஆளே இல்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினால், மறுபடி மேலே போய் ஒழுங்காக இறங்கி வரச் சொல்வார். மேனேஜராக இருந்தாலும் அதே கதிதான். நான் பேக்கிங் செக்ஷன். எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன்... மனசுக்குள் திட்டிக்கொண்டே.

செகண்ட் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் பெண்களிடம் தவறாமல் ஒன்று சொல்வார். "வூடு போயி சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடும்மா."

கொடுக்க மறந்தால் அவரே போன் அடிப்பார். யார் இந்த ஆள் என்று என் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் அவரே, நாகண்ணாவுக்கு அடிச்சிட்டியா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

டூர் கிளம்பும் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவி மஞ்சுளா அக்கா, பனியனுக்கு உள்பக்கம் பாஸ்போர்ட் வைக்க ஒரு பை தைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முட்டிவலி, அதனால் இவர் மட்டும் டூர் க்ரூப்போடு.

பக்கத்தில் உட்கார்ந்து நாகண்ணா ஒரே அட்வைஸ். தெரியாதவன் கூப்பிட்டால் போகக்கூடாது, எவன் என்ன கொடுத்தாலும் வாங்கித் தின்னக்கூடாது... ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் எங்களை நிற்க வைத்துப் பேசுவாரே, அதே குரல்.

அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. "போறது நீங்க. எனக்கு எதுக்கு க்ளாஸ் எடுக்கறீங்க?"

அப்படிச் சிரித்தோம் அன்றைக்கு.

இன்று அதே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அழக்கூட இல்லை.

"தெரியாதவன் வண்டில அவரு ஏறவே மாட்டாரே கவிதா... ஏன் ஏறுனாரு?"

அக்காவின் தம்பிதான் என்னை வெளியே கூப்பிட்டு, டூரில் கூட இருந்த சேலத்துக்காரர் போனில் சொன்னதைச் சொன்னார்.

இரண்டு பேரும் கடையிலிருந்து ஹோட்டலுக்கு நடந்து வந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கார் நின்றிருக்கிறது. போலீஸ் என்றார்களாம், ஸ்டேஷனுக்கு வந்து பேப்பர் காட்டச் சொன்னார்களாம். சேலத்துக்காரர் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டார். நாகண்ணா அவரிடம், "பயப்படாதீங்க, கழுத்துல டேக் போட்டிருக்காங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார்.

அப்புறம் ரோட்டோரத்தில்தான் கிடைத்திருக்கிறார். தலையில் அடி. பையும் போனும் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று அந்த ஊர் போலீஸே இன்னும் சொல்லவில்லையாம்.

டேக்...

வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது. கம்பெனி ஐடி கார்டைத்தான் நாங்கள் டேக் என்போம். பஸ்ஸை விட்டுவிட்டால் ரோட்டோரம் நின்று டேக்கைத் தூக்கிக் காட்டினால் போதும், சிப்காட் போகிற ஏதாவது ஒரு வண்டி நிற்கும். பேர் கேட்க மாட்டார்கள். எந்தக் கம்பெனி என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

நாகண்ணாவை நான் முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. குந்தாரப்பள்ளியில் சந்தை நாள், ரோடு முழுக்க மாடு ஏற்றிய டெம்போ, பஸ் நிற்காமல் போய்விட்டது. கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"டேக் இருக்குதில்ல? ஏறும்மா."

லிஃப்ட் கேட்கிறவர்களுக்கென்றே இன்னொரு ஹெல்மெட் வைத்திருந்தார். அதை மாட்டின பிறகுதான் வண்டியை எடுத்தார். நானும் யார் என்ன என்று கேட்காமல் ஓசூர் வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். பயமே இல்லை.

அவருக்குத் தெரியாதவன் வேறு, டேக் போட்டவன் வேறு. இங்கே எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.

அதனால்தான் ஏறினாரா? இல்லை, மிரட்டி ஏற்றினார்களா? சேலத்துக்காரர் பயத்தில் எதையாவது மாற்றிச் சொல்கிறாரா? அக்காவிடம் இதைச் சொல்லலாமா கூடாதா, அதுவும் தெரியவில்லை. சொல்லாமலே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது சிப்காட் வளைவில் ஒரு பெண் டேக்கைத் தூக்கிக் காட்டினாள். யோசிக்கும் முன்னாலேயே ஸ்கூட்டி நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். டேக்கில் இருந்த பேரைப் படித்தேன்... இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஏறட்டுமா அக்கா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் வரை கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாவம், என்ன நினைத்தாளோ.

பாடி வர இன்னும் நாலைந்து நாள் ஆகுமாம். அங்கே பேப்பர் வேலை முடிய வேண்டுமாம்.

சும்மா அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். சுவிட்ச்டு ஆஃப்.

வூடு வந்து சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்கண்ணா.