டிஸ்ப்ளே செட்டில் பறந்துவிட்டுப் போனவர்களுக்கு

ஹமீது பாய் போய்விட்டார். கோலசிலாங்கூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நம்ம பாய். நேற்று காலை... ஹார்ட் அட்டாக். சாயங்கால அசர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.

நம் பிளைட் கேம் குரூப்பில் நேற்றிலிருந்து ஒரே ஒப்பாரி. "ஆர்ஐபி லெஜண்ட்" என்று ஒருத்தர். வரிசையாக நாலு பேர் மெழுகுவத்தி இமோஜி. ஒரு முஸ்லிம் பெரியவருக்கு மெழுகுவத்தி... அதுகூடத் தெரியாத ஜென்மங்கள்.

இதில் முதல் ஆள் நம்ம "கேப்டன்". மோட்டார் லைசென்ஸே மூன்றாவது தடவைதான் கிடைத்தது. குரூப்பில் பெயர் கேப்டன்.

சனிக்கிழமை தவறாமல் தஞ்சோங் காராங்கிலிருந்து வருவார். கடையில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பறப்பார். பாய் வாங்கிக் கொடுக்கும் பால் ஊற்றாத தே ஓ ஐஸையும் குடிப்பார். பிறகு பெட்டியைப் போட்டோ எடுத்து, கடை வாசலில் நின்றே போனில் ஆன்லைன் ஆர்டர் போடுவார்... கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பாய்க்கு இந்த கேமே பிடிக்காது. திரையில் விமானம் திரும்பினால் தலை சுற்றுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் எதை வாங்கலாம் என்று கேட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் யூடியூப் பார்த்துவிட்டுப் போய், கனமான இரும்பு ஜாய்ஸ்டிக் செட்டுதான் வேண்டும் என்று நின்றேன்.

"மொதல்ல மேசைய அளந்துட்டு வா தம்பி. நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கா? கைய எங்க வைப்ப?"

அளந்தேன். கீபோர்டு வைத்தால் மீதி இடமே இல்லை.

மூன்று சனிக்கிழமை எனக்காக உட்கார்ந்தார். கால் பெடல் தனியாக வாங்க வேண்டாத, முறுக்கினாலே விமானம் மூக்கைத் திருப்பும் ஜாய்ஸ்டிக். இடது கைக்கு, வேகம் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். "விட்ட எடத்துல நிக்கணும். தானா வழுக்கினா அது வேணாம் லா" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"வர்ற வாரம் எடுத்துக்கிறேன் பாய்" என்றேன். வீட்டுக்கு வந்து ஆன்லைனில் வாங்கிவிட்டேன். விலை முப்பது வெள்ளி குறைவு.

கேப்டனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை... ஒன்றும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. காருக்கு வைத்த கையோடு த்ராட்டிலுக்கும் சந்தனம், குங்குமம். தாராளமாக. சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்து, பிடி பாதியில் இறுகிவிட்டது. வேகம் குறையாமல் எந்த விமானம் தரையிறங்கும்? இந்தக் கூத்தை வேறு எந்த மடையனும் செய்திருக்க மாட்டான்.

வேறு வழியில்லாமல் பாயிடமே கொண்டுபோனேன். "மச்சானோடது பாய்" என்று ஒரு புளுகு.

கழற்றி, பல்குச்சியும் பஞ்சுமாக அரை மணி நேரம் சுரண்டினார். காசு வாங்கவில்லை.

"மச்சான்கிட்ட சொல்லு, அடுத்த வருசம் பொட்ட பக்கவாட்டுல வைக்கட்டும்."

சிரிக்கவில்லை. தெரிந்துதான் சொன்னாரா... தெரியாது. அடுத்த வாரம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நேற்று வீட்டுக்குப் போனேன். கேப்டன் வரவில்லை. அவருக்கு இமோஜி போதும்.

பாயின் மகள் வாசலில் நின்று வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தாகிட்ட சாமான் வாங்குனவங்களா அண்ணே?"

"ஆமாம்மா" என்றேன்.

வாங்கவில்லை பாய். உங்களிடம் ஒரு கேபிள்கூட வாங்கவில்லை. மன்னித்துவிடுங்கள்... போய் வாருங்கள்.