அம்மாவின் கழுத்துக் காலர்

மாமாவின் காரை ஒரு சுற்றுலா வேன் பின்னாலிருந்து இடித்த அன்று, எங்கள் வீட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால் கியா பார்ம் சந்தைப் பக்கம் ஊர்ப்பட்ட நெரிசல், வண்டிகளெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்சீட்டில் அம்மா, பின்சீட்டில் நான், என் மடியில் ஒரு பை அவித்த சோளம். பட்டென்று ஒரு சத்தம். சோளமெல்லாம் காலடியில் உருண்டது. அம்மாவின் தலை வெடுக்கென்று பின்னால் போய் முன்னால் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. தானா ராத்தா டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. எதிலும் அவசரம், எதற்கும் கையில் ஒரு திட்டம். இறங்கியவர் வேன்காரரோடு சண்டைக்குப் போவார் என்று பயந்தேன். அவர் முகமோ தீபாவளிச் சட்டை வாங்கியவர் முகம்போல மலர்ந்திருந்தது. பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் தப்பு, காருக்கும் கிளேம் பண்ணலாம், அக்காவின் கழுத்துக்கும் கிளேம் பண்ணலாம் என்று, போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பணம் வந்ததும் வீட்டுக்கு வாட்டர் ஹீட்டர் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அந்த மலைக்குளிரில் விடியற்காலையில் குளித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருத்துவமனையில் அம்மாவைப் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தில் ஒரு காலரை மாட்டி அனுப்பினார்கள். தாடையிலிருந்து தோள்வரை வெள்ளையாகத் தடித்த பட்டை. அதைப் போட்டுக்கொண்டு அம்மா என்னைப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சில வாரங்கள் அதைக் கழற்றக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அங்கேதான் சிக்கல். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுபவர். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலைக்கு ஆள் போகும்வரைதான் அந்த வீடு. அப்பா தோட்டத்து ஆள் இல்லை, காய்கறி லோரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் கோலாலம்பூர் சாலையில் கிடப்பவர். ஆக, எங்கள் தலைக்குமேல் கூரை நின்றது அம்மாவின் வேலையால்தான். முதுகுவலியால் வேலைக்கு வர முடியாமல் போன பக்கத்து வீட்டு அத்தையைக் காலி பண்ணச் சொல்லி, அங்கே வெளிநாட்டு ஆட்களைக் குடிவைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அம்மா இரண்டு நாள் மட்டும் லீவு போட்டார். மூன்றாம் நாள் காலரைக் கழற்றி வைத்துவிட்டு, கத்தரியும் கூடையுமாக மலை ஏறினார். சாயங்காலம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர் எந்த நேரமும் விசாரிக்க வருவார், அப்போது கழுத்தில் காலர் இருக்க வேண்டும். துரை வந்தால் இருக்கக் கூடாது. மேனேஜரை நாங்கள் இன்னமும் துரை என்றுதான் சொல்வோம். லயத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. யோசித்துப் பார்த்த மாமா, காவல் வேலையை என்னிடம் கொடுத்தார். அம்மா வீட்டில் இருக்கும் நேரமெல்லாம், பாதை வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிமேல் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். துரையின் வெள்ளை ஹைலக்ஸ் வண்டி தெரிந்தால் ‘கழட்டு’, தெரியாத கார் வந்தால் ‘போடு’.

அந்த நாட்களைப்போலச் சந்தோஷமான நாட்கள் எனக்கு வந்ததே இல்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டியடியில் கூடிவிட்டார்கள். மீன் வேனுக்கும் கேஸ் லோரிக்கும்கூட ‘போடு’ என்று கத்தி அம்மாவை ஓடவிட்டேன். மாமா அம்மாவுக்கும் பாடம் நடத்தினார். எப்படி உட்காருவது, எந்தக் கேள்விக்கு ‘ஸ்ஸ்’ என்று இழுப்பது, எல்லாம் அவரே செய்து காட்டுவார். அம்மாவுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே இருப்பவர் சட்டென்று பாதியில் நிறுத்தி, பிடரியைப் பிடித்துக்கொள்வார். பிரமாதமாக நடிக்கிறார் என்று நான் கைதட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெள்ளை ஹைலக்ஸ் ஏறி வந்தது. ‘கழட்டு’ என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், துரைக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒருவர், மடியில் தோல்பை. இன்சூரன்ஸ்காரர் தோட்டத்து ஆபீஸில் போய் வழி கேட்டிருக்கிறார். துரையே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். 

“ரெண்டு பேரும் ஒரே காடியில வராங்க,” என்றேன் மூச்சிரைக்க.

“போடுக்கா,” என்றார் மாமா. உடனே, “வேணாம், கழட்டு,” என்றார். “இல்லக்கா, போடு லா.”

அம்மா கையில் காலரோடு எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அதை அழுக்குத் துணிக் கூடைக்குள் திணித்துவிட்டு வாசலுக்குப் போனார்.

இன்சூரன்ஸ்காரர் ஈப்போத் தமிழர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கழுத்து எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குத் துரை முந்திக்கொண்டு, இவர் சும்மா லீவு போடாத ஆள், நேற்றுகூட வேலைக்கு வந்தார் என்று பெருமையாகச் சொன்னார். இன்சூரன்ஸ்காரர் துரையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தார்.

“வலி இருந்தா சொல்லிருங்கம்மா. இப்ப சொன்னாதான் உண்டு.”

மாமா உள்ளேயிருந்து தொண்டையைச் செருமினார்.

“ஒன்னும் இல்லைங்க சார், வேலை செய்ய முடியுது,” என்றார் அம்மா. சொன்னதோடு நிற்காமல், தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிக் காட்டிச் சிரித்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு மேலுதட்டில் வேர்த்திருந்தது. துரை தலையசைத்தார். இன்சூரன்ஸ்காரர் பையை மூடினார்.

வண்டி இறங்கியதும் மாமா குதித்தார். இனி பம்பருக்கு மட்டும்தான் வரும், கழுத்துக்கு ஒரு காசு வராது என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார். ஹீட்டர் போயிற்று. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. இத்தனை நாள் அவ்வளவு நன்றாக நடித்தவர், முக்கியமான நேரத்தில் இப்படிச் சொதப்பிவிட்டாரே. வெளியே போய்த் தொட்டிமேல் உம்மென்று உட்கார்ந்துகொண்டேன். அம்மா கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

பசி எடுத்து நானாகவே உள்ளே வந்தபோது, அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கழுத்தில் காலர்.

“அவங்க எல்லாம் போயிட்டாங்கம்மா. கழட்டிரலாம்,” என்றேன்.

“இருக்கட்டும் பாப்பா,” என்றார் கண்ணைத் திறக்காமல்.

வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பாதையில் ஒரு வண்டியும் இல்லை. பார்க்க ஆளே இல்லாதபோது அம்மா யாருக்காக நடிக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.