சேலைகளுக்கு நடுவே ஒரு பேணி

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், எங்கள் பசிக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. பிறகு நான் வளர்ந்த சித்தி வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் எதையாவது ஒளித்து வைத்து, பசியில்லாமலே களவாகத் தின்பேன். அந்த வெட்கத்தில் மறுநாள் பட்டினி கிடப்பேன். கலியாணம் முடித்துக் குருநகரில் மாமியார் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது.

காட்டிக்கொடுத்தது எறும்புதான். அலுமாரியில் சேலைகளுக்கிடையே இருந்த ரஸ்கை மாமி கண்டுவிட்டார். அவர் குசினிக்குப் போய் மூடி போட்ட ஒரு தகரப் பிஸ்கட் பேணியோடு வந்தார்.

“கூறைச் சேலையை எறும்புக்குக் குடுக்கிறியே பிள்ளை? இதுக்குள்ளை போட்டு வை. முடிஞ்சால் சொல்லு, நிரப்பிவிடுறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கே தெரிந்ததைக் களவாகத் தின்பதில் என்ன இருக்கிறது?

களவில்லாமல் போக, அந்தப் பழக்கமும் மெல்ல விட்டது; உளநல ஆலோசகரிடம் போய்வந்ததும்கூட உதவியது. இப்போது நான் அந்தப் பேணியைத் திறந்து கனகாலம். ஆனாலும் மத்தியானத்தில் அதன் மூடி திறக்கும் சத்தம் கேட்கும். மாமிக்குச் சீனி வருத்தம். அதனால் இனிப்பில்லாத பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கிப் போட்டு வைக்கிறேன். சத்தம் கேட்டதும் குசினியிலிருந்தே குரல் கொடுப்பேன்.

“முடிஞ்சால் சொல்லுங்கோ மாமி, நிரப்பிவிடுறன்!”