தூக்காத இடது கை

எங்கள் டீம் ஜெயித்த ரேஸ்களில் யார் முதலில் வருவார்கள் என்பது முதல் நாள் சாயங்காலமே எங்களுக்குத் தெரிந்துவிடும். இதைச் சொன்னால் இன்றைக்குப் பலருக்குக் கோபம் வருகிறது. "அப்போ எல்லாம் செட்டப்பா?" என்று என் மருமகனே ஒருமுறை கேட்டான். செட்டப் இல்லை. எதிராளி யாரும் எங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மெட்ராஸ், வேலூர், பாண்டிச்சேரி என்று எங்கிருந்து வந்தவனையும் நெஞ்சு வெடிக்க மிதித்துத்தான் தோற்கடித்தோம். எங்கள் நாலு பேருக்குள் யார் என்பதை மட்டும்தான் முன்கூட்டியே முடிவு செய்தோம். சைக்கிள் ரேஸ் தனி ஆள் விளையாட்டு என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேசவே பிடிக்காது.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் டயர் ஏஜென்சி நடத்திய ஒருவர் எங்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு ரேஸ் சைக்கிள், தினமும் ரெண்டு முட்டை, கடைப் பெயர் போட்ட மஞ்சள் பனியன். ஜெயித்த மறுநாள் கடை வாசலில் ஒரு போர்டு வைப்பார்: 'ரோடு ரேஸில் முதலிடம் பெற்ற டயர்.' ஓட்டியவன் பெயர் அதில் இருக்காது. டயர் தானே உருண்டு வந்து ஜெயித்த மாதிரி இருக்கும். நாங்களும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊர்தான் பெயர். அனந்தபுரம், பெருமுக்கல், விக்கிரவாண்டி. நான் திண்டிவனம்.

ரேஸுக்கு முதல் நாள் முதலாளி மேல் தட்டிலிருந்து ஒரு புது டயரை இறக்கி யாராவது ஒருவன் கையில் கொடுப்பார். அவன்தான் மறுநாள் ஜெயிக்க வேண்டியவன். மற்ற மூன்று பேரும் பழைய டயரில் அவனுக்காக உழைக்க வேண்டும். எதிர்காற்றில் முன்னால் போகிறவன் முறிந்து போவான், அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பாதி உழைப்புதான். எனக்கு முதுகு அகலம். அதனால் கடைசி வரை காற்றில் முன்னால் போகிற வேலை எனக்கு. முடிவுக் கயிறு கண்ணில் பட்டதும் நான் இடது கையைத் தூக்கிவிட்டு ஓரம் ஒதுங்க வேண்டும். பின்னால் வந்தவன் வலது பக்கமாகப் பாய்ந்து போவான். கை தூக்காமல் யாரும் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஒருமுறை விக்கிரவாண்டிக்காரன் அவசரப்பட்டுத் தாண்டப் போய், அனந்தபுரத்தான் தோள்பட்டை எலும்பு உடைந்து ரெண்டு மாதம் கிடந்தான். அதற்குப் பிறகு அந்தக் கட்டளையை யாரும் மீறியதில்லை.

நான் புது டயர் வாங்கியதே இல்லை. வருத்தமா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஜெயிப்பதில் எனக்கும் பங்கு உண்டு என்பதும் தெரியும். ஒரு பொங்கல் ரேஸில் கூட்டேரிப்பட்டு தாண்டி ரோடு முழுக்கக் கேப்பைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள், பஸ் ஏறி மணி உதிரட்டும் என்று. மெட்ராஸ்காரர்கள் அதன் மேலேயே ஓட்டி, கதிர்த்தாள் செயினில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். எனக்கு அது தினமும் பார்க்கிற ரோடு. ஓரமாக ஒரு சாண் அகல மண்ணில் புகுந்து எங்கள் ஆட்களைக் கூட்டிப் போனேன். அன்றைக்குப் புது டயர் பெருமுக்கல்காரனுடையது. விழுப்புரத்தில் நான் கையைத் தூக்கியதும், "டேய், நீ நல்லா இருப்படா!" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். அவன் முதுகு முன்னால் போவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவன் என்னைவிட ரெண்டு வயது மூத்தவன். இருந்தாலும் வாடா போடாதான். காலைப் பயிற்சி முடிந்து எங்கள் வீட்டில்தான் கஞ்சி குடிப்பான். என் அக்கா தையல் சென்டரில் வேலை பார்த்தாள். எங்கள் நாலு பேர் நிக்கருக்கும் உட்காருமிடத்தில் துணி மடித்து வைத்துத் தைத்துக் கொடுப்பவள் அவள்தான், சீட்டு அவ்வளவு கல்லாக இருக்கும். ஒருநாள் நிக்கர் மாறிப்போய் பெருமுக்கல்காரனுடையதை நான் போட்டுக்கொண்டேன். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு ரெண்டு மடிப்பு, அவனுக்கு அஞ்சு மடிப்பு. வீட்டுக்குப் போய் அக்காவிடம், "கூடப் பொறந்தவனுக்கு ரெண்டு, ஊரான் புள்ளைக்கு அஞ்சா?" என்றேன். முகம் சிவந்து போய், "துணி மீந்துச்சு, வச்சேன்" என்றாள். அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அப்பா ரயில்வே கேட் கீப்பர். ரெண்டு குடும்பமும் மாதா கோயிலில் ஒரே பூசைக்குப் போகிறவர்கள்தான், சாதி, மதத் தடை எதுவும் இல்லை. அப்பாவின் தடை ஒன்றே ஒன்று. "சைக்கிள் மெரிக்கறதெல்லாம் ஒரு வேலையா? சர்க்கார் உத்தியோகம்னா வந்து பேசச் சொல்லு. இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுடுங்க" என்றார்.

அதற்கு ஒரு வழி இருந்தது. நாங்கள் ஜெயித்த ரேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஷீல்டு மட்டும்தான் கொடுப்பார்கள். சுதந்திர தின ரேஸுக்கு மட்டும் கலெக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் உண்டு. அதில் முதலிடம் என்று இருந்தால் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலைக்கு மனுப் போடலாம். முந்தின வருஷம் அதை வாங்கிய அனந்தபுரத்தான் ஆபீஸ் உதவியாளராகச் சேர்ந்துவிட்டான். பெருமுக்கல்காரனுக்கு அந்த ஆகஸ்ட்தான் கடைசி வாய்ப்பு. செப்டம்பர் வந்தால் வயது வரம்பைத் தாண்டிவிடுவான்.

நான்தான் முதலாளியிடம் போய் நின்றேன். "மொதலாளி, இந்தத் தடவ டயர அவனுக்குக் குடுங்க. எங்க அக்கா வாழ்க்க அதுலதான் இருக்குது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மச்சானுக்கு சிபாரிசா?" என்று கேட்டுவிட்டு டயரை இறக்கினார். அதை அவன் சக்கரத்தில் மாட்டியதும் நான்தான்.

ரேஸ் திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரத்தில் முடிகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அந்த ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கும். என்னைப் போன்ற முதுகுக்காரனுக்குத்தான் அன்று வேலை. விக்கிரவாண்டி வரை மெட்ராஸ்காரர்கள் மூன்று பேர் கூடவே வந்தார்கள். அங்கே எங்கள் விக்கிரவாண்டிக்காரன் தன் சொந்த ஊர் ஜனம் பார்க்கிறது என்று வெறி பிடித்து ஒரு மைல் இழுத்தான். அதில் அவனும் தீர்ந்தான், அவர்களும் தீர்ந்தார்கள். முண்டியம்பாக்கத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது ரோடு காலியாக இருந்தது. நானும் என் பின்னால் பெருமுக்கல்காரனும் மட்டும்தான். அவ்வளவு சுலபமாக நாங்கள் எந்த ரேஸையும் ஜெயித்ததில்லை. "இன்னும் கொஞ்சந்தான்டா, ஜல்தி போ" என்றான் பின்னாலிருந்து. அவன் குரலில் மூச்சு வாங்கவே இல்லை. அவ்வளவு தூரம் நான் அவனைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் ரெண்டு பக்கமும் கூட்டம். தூரத்தில் கயிறு தெரிந்தது. அதன் பக்கத்தில் காக்கி உடுப்போடு அப்பா நின்றிருந்தார். என் ரேஸைப் பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை. மருமகனாக வரப்போகிறவன் ஜெயிக்கிறானா என்று பார்க்க வந்திருந்தார். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, என்னைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கி, என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

கையைத் தூக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இன்னும் நாலு மிதி மிதித்துவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்தேன். மிதித்தேன். இன்னும் ஒரு நாலு என்று நினைத்தேன். வேறு எதையும் நான் நினைக்கவில்லை. அக்காவையும் நினைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. கயிறு என் நெஞ்சில் வந்து அறுந்தது.

அவன் என் பின் சக்கரத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் வந்து நின்றான். என்னைவிட நூறு மடங்கு தெம்பு அவன் காலில் இருந்தது. வலது பக்கம் ரோடு திறந்துதான் கிடந்தது. முதலாளி ஓடிவந்து அவன் பனியனைப் பிடித்து உலுக்கினார். "ஏன்டா தாண்டல? ஏன்டா?"

"கை தூக்கல மொதலாளி" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்து, "தூக்குவ தூக்குவன்னு பாத்துக்கினே வந்தேன்டா" என்றான். குரலில் கோபமே இல்லை. ஒன்றும் புரியாதவன் மாதிரி கேட்டான்.

"கை மரத்துப் போச்சுடா. தூக்க முடியல" என்றேன்.

அந்தப் பொய்க்கு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலாளி அதிகாரிகளிடம் போய், சர்டிபிகேட்டை ரெண்டாவது வந்தவன் பெயரில் எழுதச் சொல்லிக் கெஞ்சினார். நானும் கூட நின்று கெஞ்சினேன். அவர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா கேசரி கிண்டி வைத்திருந்தாள். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார், அதுவரை போட்டதில்லை. "நம்ம பையன் ஃபர்ஸ்ட்டு!" என்றார். அக்கா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், எனக்காக. பிறகுதான், "அவரு?" என்று கேட்டாள்.

அவன் ரெண்டாவது என்று சொல்லி, என் கை மரத்துப்போனதாகவும் சொன்னேன். அவள் உடனே என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். "இங்க உணர்ச்சி இருக்குதா? இங்க?" என்று கேட்டாள். நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.

வேலைக்கான மனுவை அப்பாவே நிரப்பினார். என் பெயரில். கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். அக்காவே, "ரெண்டு பேருக்கும் இல்லாம போறதுக்கு ஒருத்தராவது வேலைக்குப் போங்க" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வேலையில்தான் கடைசி வரை இருந்து ஓய்வு பெற்றேன்.

அடுத்த வருஷம் அக்காவுக்குத் திருச்சிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் வரைக்கும் தினமும் சாயங்காலம் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி என் இடது கையில் தேய்த்துவிட்டாள். நரம்பு சுருண்டுவிட்டதாம், தேய்த்தால் விட்டுவிடுமாம். அவள் தேய்க்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. சூடாக இருந்தது. உணர்ச்சி இல்லாத கை என்பதால் அசையாமல் இருந்தேன்.

பெருமுக்கல்காரன் அதன் பிறகு ரேஸ் ஓட்டவில்லை. எட்டொன்பது வருஷம் கழித்து, பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடுகிறான் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் போனேன். அவன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துடைத்த கையோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னான். அவன் மகள் ஓடிவந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அன்னைக்கு ரேஸுல..." என்று ஆரம்பித்தேன்.

"உடுடா."

"என் கை மரத்துப்..."

"மரத்துப் போன கை ஹேண்டில்பார அப்பிடி இறுக்கிப் புடிக்காதுடா. நரம்பெல்லாம் பொடச்சிக்கினு இருந்துச்சு. பின்னாடியே வந்தவன் நான், பாத்திருக்க மாட்டனா?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அக்காகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவன் மறுபடியும் டியூபைத் தண்ணீரில் அமுக்கினான். "சொல்லி இன்னா ஆவப்போவுது? உங்க அக்காவுக்கு நான் இல்லன்னு ஆயிடுச்சு. தம்பியும் இல்லன்னு ஆவணுமா அதுக்கு?"

அவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையைச் செய்துகொண்டே இருந்தான். கிளம்பும்போது ஸ்கூட்டர் சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்து, காற்று குறைவாக இருக்கிறது என்று அடித்துக் கொடுத்தான்.

அக்கா இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் போனை எடுக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் முந்திக்கொள்கிறாள்.

"கை எப்பிடிடா இருக்குது? எண்ணெ தேய்க்கிறியா?"

"தேய்க்கிறேங்க்கா" என்கிறேன்.