பாஸ்கா கல்லறைக்கு வந்த சண்டை

குவைத் யுத்தம் முடிந்து ஆறு வருடம் இருக்கும். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் எங்கள் ஊர். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, வயலெல்லாம் வெடித்துக் கிடந்த பங்குனி மாதம். வருடா வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு எங்கள் மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கா போடுவோம். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம் அது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் கமிட்டிச் செயலாளராக்கி இருந்தார்கள்.

அந்த வருடம் என் உயிரை வாங்கியது கல்லறை செட்தான். மூங்கில் கட்டி, சாக்குப் போர்த்தி, களிமண் பூசினால் குகை தயார். அரை நாள் வேலை. ஆனால் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த ஒருவர், ஊர் திரும்புவதற்கு முன் ஒரு யாத்திரைக் குழுவோடு எருசலேம் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு போட்டோ ஆல்பம். இந்தப் பக்கம், ஓய்வுபெற்ற எங்கள் தலைமையாசிரியர். அவர் எருசலேம் போனதில்லை. ஆனால் அவருடைய பைபிளில் சிவப்புப் பென்சில் கோடு விழாத பக்கமே கிடையாது.

எருசலேமில் ஆண்டவரின் கல்லறை என்று இரண்டு இடங்களைக் காட்டுகிறார்களாம். ஒன்று பெரிய கோயிலுக்குள் இருக்கிறது. இன்னொன்று மதிலுக்கு வெளியே, ஒரு தோட்டத்தில். எந்தக் கல்லறையைப் பார்த்து நாங்கள் செட் போடுவது? இதுதான் சண்டை.

“இங்க பாருங்க சார், தோட்டம் இருக்கு, பாறையில வெட்டுன வாசல் இருக்கு, கல்ல உருட்டுறதுக்குப் பள்ளம் இருக்கு. பைபிள்ல உள்ளது உள்ளபடி இருக்கு” என்று ஆல்பத்தை நீட்டுவார் மெக்கானிக்.

“தோட்டம் இருந்தா ஆச்சா? யாரையும் வைக்காத புதுக் கல்லறைன்னு யோவான் எழுதியிருக்காரு. நீங்க காட்டுறது ஆண்டவர் காலத்துக்கே பல நூறு வருஷம் பழசுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. கோயில் கட்டியிருக்காங்களே, அதான் இடம்.”

“அது ஊருக்கு நடுவுல இருக்கு சார்! நான் கண்ணால பாத்தேன். சிலுவையில அறைஞ்சது ஊருக்கு வெளியன்னுதானே இருக்கு?”

“இப்ப நடுவுல இருக்கு. மதில அப்பறம் தள்ளிக் கட்டுனாங்க. நம்ம தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் கூட ஒரு காலத்துல ஊருக்கு வெளியதான் இருந்துச்சு.”

திங்கட்கிழமை கட்டியதைச் செவ்வாய்க்கிழமை பிரித்தோம். சீடர் குனிந்து உள்ளே பார்த்தார் என்று வசனம் இருக்கிறதாம். வாசலைத் தாழ்த்தச் சொன்னார் தலைமையாசிரியர். தாழ்த்தினோம். இயேசுவாக நடிக்கும் லாரி டிரைவர் ஆறடி உயரம். ஒத்திகையில் உயிர்த்தெழுந்து வெளியே வந்தவர் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை மறுபடி பிரித்தோம். மூங்கில் கட்டியவர்கள், “மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க, அப்பறம் கூப்புடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். “விசுவாசந்தான் முக்கியம்” என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

பெரிய வியாழன் மதியம். வெறும் மூங்கில் நிற்கிறது. இரண்டு பேரும் கல் வலப்பக்கம் உருள வேண்டுமா, இடப்பக்கமா என்று ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “உள்ள யாருமே இல்லாத கல்லறைக்கு எதுக்கு சார் இவ்வளவு சண்டை?” என்று கத்திவிட்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் தையல் மிஷின் சத்தம் நின்றது. வானதூதருக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். அவர் கணவரும் குவைத்தில் வேலை பார்த்தவர். யுத்தம் வந்த சமயத்தில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். உடல் வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகக் கூட இருந்தவர் எழுதிய ஒரு கடிதம் மட்டும் வந்தது.

“சார், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி வச்ச எடத்த இவ்வளவு தேடுறீங்க. எங்க வீட்டுக்காரர வச்சு ஏழு வருஷந்தான் ஆவுது. அது எந்த எடம்னு கொஞ்சம் பாத்துச் சொல்ல மாட்டீங்களா? லெட்டர தம்பிகிட்டதான் குடுத்து வச்சிருக்கேன்.”

அந்தத் தம்பி நான்தான். எம்பஸிக்கு மனு எழுதித் தருகிறேன் என்று இரண்டு வருடம் முன்பு வாங்கியது. அவர் குற்றம் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. சைக்கிளில் ஆபீஸுக்குப் போய், உர ஸ்டாக் ஃபைலுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தேன்.

தலைமையாசிரியர் அதை வேதவசனம் போல வரி வரியாகப் படித்தார். குவைத் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதில் ஓரம், வேப்பமரத்திலிருந்து இரண்டாவது வரிசை, தலைமாட்டில் மரச்சிலுவை.

“அந்த எடத்த எனக்குத் தெரியும் சார். எங்க ரூம்ல ஒருத்தர் தவறினப்போ போயிருக்கேன்” என்றார் மெக்கானிக். மண்ணில் உட்கார்ந்து குச்சியால் மதில், வாசல், மரம் எல்லாம் கோடு போட்டார். தலைமையாசிரியர் குறுக்குக் கேள்வி கேட்டார். இந்த முறை யாரும் குரலை உயர்த்தவில்லை. குவைத்தில் இருந்த மெக்கானிக்கின் நண்பர் ஒருவருக்கு வரைபடத்தோடு கடிதம் போட்டோம். எழுதியது நான். அன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.

கல்லறை செட்? எந்த ஊர்க் கல்லறை மாதிரியும் இல்லாமல் லாரி டிரைவர் தலை இடிக்காத உயரத்தில் ஒன்று கட்டினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சம்பா நடவு நேரத்தில் பதில் வந்தது. உள்ளே இரண்டு போட்டோ. மரச்சிலுவைகள் இப்போது இல்லை, அடையாளத்துக்குப் பொருந்துகிற மண்மேடு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கிறது, எது என்று சொல்ல முடியவில்லை என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவுக்கும் பிறகு இங்கேயும் இரண்டா! மூன்று பேரும் போய் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். தலைமையாசிரியர்தான் மெதுவாகச் சொன்னார்.

அக்கா இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரெண்டுக்கும் சேத்தே வேண்டிக்கறேன் சார். பக்கத்துல இருக்கவரையும் யாராவது ஒருத்தி தேடிக்கிட்டுதானே இருப்பா.”

இன்றைக்கும் யாராவது மனு எழுதித் தரச் சொன்னால் அன்றைக்கே எழுதிவிடுகிறேன். நல்ல மனுஷன் என்று ஊரில் பேர், ஆனால் அந்தக் கடிதத்தை இரண்டு வருடம் ஃபைலுக்கு அடியில் போட்டுவைக்காமல் அன்றைக்கே மனு எழுதியிருந்தால், அந்த மரச்சிலுவை அப்போது நின்றிருக்குமோ என்ற கேள்வி என்னை விடவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.