மில்லின் ஊறல் தண்ணீர்

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். யாரைப் பார்த்தாலும் நாலாம் வகுப்புப் பையனிடம் பேசுவது போலத்தான் பேசுவான்.

தொண்ணூறுகளில் அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, வாய்க்கால் கரையில் ஒரு சின்ன அரிசி மில் வைத்திருந்தேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் மூன்று நாள் ஊறப்போட வேண்டும். ஊறி முடிந்ததும் பழுப்பாக, புளித்த நாற்றத்தோடு தண்ணீர் மிஞ்சும். அதை வாய்க்காலில் திறந்துவிடுவேன். மில்லுக்குக் கீழ்ப்பக்கம் மச்சினனின் வயல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்பான்.

"அத்தான், ஒரு குழி வெட்டி அதுல விடுங்க. தெளிஞ்ச பொறவு தென்னைக்குப் பாயட்டும். சுடுதண்ணியில ஊறப்போட்டா ஒரு ராத்திரி போதும், நாத்தமும் கொறையும். எரிக்கதுக்கு உமிதான் மலையா கெடக்கே."

"ஒன் பள்ளிக்கூடத்துல போயி சொல்லுலே. ஓடுத தண்ணி எல்லாத்தையும் கொண்டு போயிரும்."

"ஓடும்போது கொண்டு போவும். வாய்க்கால அடைச்சாம்னா என்ன செய்வீய?"

தன் வயலுக்காக ஊருக்கு உபதேசம் செய்கிறான் என்று நினைத்தேன். குழி வெட்டச் சொன்ன இடத்தில் நெல் காயப்போட இன்னொரு களம் போடுவதாக இருந்தேன். அவனுக்காகவா அதை விட்டுக்கொடுப்பது? வீம்புக்காகவே அவன் நிற்கும்போது மடையைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அந்தக் கோடையில் மராமத்துக்காக வாய்க்காலை அடைத்தார்கள். ஊறல் தண்ணீர் போக வழியில்லாமல் மில் வாசலிலேயே கறுத்துத் தேங்கியது. பத்தடி தள்ளி எங்கள் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அடுத்த நெல்லை ஊறப்போட்டோம். மில்லில் இருந்த எங்கள் மூக்குகள் எப்போதோ மரத்துப்போயிருந்தன.

என் அரிசியில் பாதி மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் பாயின் அரிசிக் கடைக்குப் போகும். அவர் இல்லையென்றால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான். அவர் போன் செய்து வரச் சொன்னார். அரிசியில் வாடை என்றார். அவருடைய குடோன்தான் ஈரம் என்று சண்டைக்குத் தயாராகவே பஸ் ஏறினேன். அவர் சண்டை போடவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் கூட்டிப்போய் இலை போட்டார். சைவக்காரன் என்பதால் எனக்குப் பருப்பாணம், அவர்கள் வீட்டுப் பருப்புக் குழம்பு. சோறு என் மில் அரிசி.

ஒரு வாய் எடுத்தேன். சாக்கடை நாற்றம். விழுங்கவும் முடியவில்லை, அவர் முன்னால் துப்பவும் முடியவில்லை.

"பீடி சுத்துத பொம்பளையெல்லாம் இந்த அரிசிய வாங்கிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து போடுதாவ அண்ணாச்சி. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. உங்க வீட்டுல இதத்தான் ஆக்குதீயளா?"

இல்லை. வீட்டு நெல்லை மட்டும் ஆற்றுத் தண்ணீர் எடுத்து வந்து, கொல்லையில் அண்டாவில் அவிப்பது எங்கள் குடும்ப வழக்கம். அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. விற்கிற அரிசியை நான் தின்றதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றோடு லோடு எடுப்பதை நிறுத்தினார்.

சொல்லவே கசக்கிறது. மச்சினன் காட்டிய இடத்தில்தான் குழி வெட்டினேன். கிணற்றைத் தூர்வாரி இறைத்தேன். உமியை எரித்துச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். மூன்று நாள் வேலை ஒரு ராத்திரியில் முடிந்தது, அதே தொட்டிகளில் கூடுதல் நெல் ஏறியது. அவன் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். "சொன்னேம்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழியிலேயே தள்ளியிருப்பேன். அவன் சொன்னது சரியாகப் போனதால் அவன்மேல் இருந்த வெறுப்பு கூடத்தான் செய்தது.

புது அரிசியில் ஒரு பை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். பாய் கையில் அள்ளி முகர்ந்தார். நாலு அரிசியை வாயில் போட்டு மென்றார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. வாடையே இல்ல."

"இப்ப எங்க வீட்டுலயும் இதத்தான் ஆக்குதோம்" என்றேன். அது உண்மை.

அவர் பையின் வாயைக் கட்டி என் காலருகே வைத்தார்.

"நான் நம்புதேன். அந்தப் பொம்பளையகிட்ட என்னன்னு சொல்ல? இவ்வளவு நாளும் மில்லுக்காரவிய வீட்டுல இத ஆக்கலன்னா?"