இரண்டாம் பந்தி

என் அலமாரியின் நடுத் தட்டில், மூக்குக் கண்ணாடிக் கூடுகள் நான்குக்கும் கீழே, ஒரு சிடி இருக்கிறது. உறையின் மேல் பச்சை மையில் "பழசு. தொடப்படாது" என்று எழுதியிருக்கிறது. இந்த வீட்டில் இப்போது இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றில்கூட அதைச் செருக இடமில்லை. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் மனைவி அதைக் குப்பையில் போடுவாள். நான் எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பேன். இதுவரை ஐந்து முறை நடந்திருக்கிறது. ஆறாவது முறை நான் வீட்டில் இல்லாதபோது நடக்குமோ என்ற கவலையில், வெளியூர்ப் பயணங்களைக் குறைத்துக்கொண்டேன்.

பச்சை மை மேடத்தினுடையது. நான் கணக்கராக இருந்த பட்டு நெசவாளர் சங்கத்தில் அவர் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மேடம்தான். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. தாத்தா, அப்பா எல்லோரும் வேத பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். மேடம் படித்தது தாவரவியல். புடவையின் முந்தியில் ஓடும் கொடியில் ஓர் இலை முளைக்கக்கூடாத இடத்தில் முளைத்திருந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக அவர் வரைந்து தருவதைப் பார்த்துத்தான் அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகள் தறியின் மேல் ஏறினால்தான் எந்த இழையைத் தூக்க வேண்டும், எதைத் தாழ்த்த வேண்டும் என்று தறிக்குத் தெரியும். ஒரு கட்டம் பிசகினால் அன்னப்பட்சிக்கு மூக்கு போய்விடும்.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடியது. இரண்டாயிரங்களின் பின்பாதி அது. லினக்ஸில் ஒரு விசேஷம் உண்டு. நாம் கண்ணால் பார்க்கிற முகப்பு இருக்கிறதே, கீழே ஓடும் பட்டை, ஜன்னல்கள், திரையில் வரிசையாக நிற்கும் சின்னப் படங்கள், இதையெல்லாம் சேர்த்து டெஸ்க்டாப் என்பார்கள், அதைத் தனியாக ஒரு கூட்டம் உலகமெங்கும் உட்கார்ந்து செய்கிறது. அவ்வப்போது புதிய பதிப்பு வெளியிடுகிறது. எடுத்துக்கொள்ளலாமா, எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் இஷ்டம். நம் இஷ்டம் என்று எதையாவது என்னிடம் விட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். மேடத்துக்கு அப்படியில்லை. அவரிடம் அதற்கு ஒரு சித்தாந்தமே இருந்தது.

"கல்யாணத்துல முதல் பந்தியில உக்காரப்படாது சார்," என்பார். "சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு சமையக்காரருக்கே அப்பத்தான் தெரியும். கடைசிப் பந்தியும் கூடாது, பாயசம் தீர்ந்துபோயிருக்கும். ரெண்டாம் பந்திதான் நமக்கு."

புதிய பதிப்பு வெளியாகும் நாள் முதல் பந்தி. அதில் உட்கார்ந்தவர்களின் புலம்பல்கள் இணையத்தில் ஒரு குழுவில் கொட்டிக் கிடக்கும். அவற்றை எண்ணுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறவன் என்று தெரிந்து மேடம் என்னிடம் தள்ளிவிட்டார். காலையில் காப்பி டம்ளரோடு அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன்.

"இன்னிக்கு எத்தனை பேர் அழறா சார்?"

"நாப்பத்திரெண்டு மேடம். அதுல ஏழு ஒரே ஆளு."

"அவரை ஒண்ணா வெச்சுக்கோங்கோ. பாவம், அவருக்கு ஆத்துலயும் ஏதோ கஷ்டம்."

எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்தால் மேடம் புதியதை எடுப்பார். மூன்றாம் பதிப்பின் காலம் முழுவதும் இந்த முறையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன விபத்துகூட நடக்கவில்லை. பிறகு நான்காம் பதிப்பு வந்தது. பழைய முகப்பைப் பிரித்துப் போட்டு அடியிலிருந்து புதிதாகக் கட்டியிருந்தார்கள். அழுகிறவர்களை எண்ண என் ஒரு டம்ளர் காப்பி போதவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் சங்கத் தலைவர் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். தலைவர் தறியிலிருந்து வந்தவர். நல்ல மனுஷர். ஆனால் ஒரு பொருள் பளபளத்தால் அது நம்மிடம் இல்லையே என்று நெஞ்சு வலிக்கும் அவருக்கு. செருப்பைக் கழற்றாமலேயே டிசைன் அறைக்குள் வந்தார்.

"மேடம், அங்க ஒரு கடையில நாலாம் நம்பர் டெஸ்க்டாப்பு வெச்சிருக்கான். ஜன்னல புடிச்சு இழுத்தா அல்வா துண்டாட்டம் ஆடுது மேடம்! ஒலகமே புதுசுக்குப் போய்க்கினு இருக்குது, நாம இன்னும் பழசையே கட்டிக்கினு இருக்கறோம்."

"ஒலகம் போகட்டும் தலைவரே. அதுக்கு வேற வேலை இல்லை. நமக்கு முந்தி இருக்கு."

அவர் சொன்ன முந்தி தலைவரின் சொந்தப் பெண்ணின் முகூர்த்தப் புடவையின் முந்தி. ஆவணியில் கல்யாணம். முசரவாக்கத்தில் தறியில் பாவு நூல் ஏற்றி நெசவாளர் காத்திருந்தார். அன்னப்பட்சியும் கொடியும் உள்ள முந்தி வேண்டுமென்று கேட்டது தலைவரின் மனைவி. புதன்கிழமைக்குள் டிசைன் முடிந்து அட்டை போகாவிட்டால் புடவை முகூர்த்தத்துக்கு வராது. தலைவரின் பெண் கடைப் புடவையில் மணையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் அந்த வாரம் நாட்காட்டியைப் பார்க்காத மணி நேரமில்லை.

ஆனால் தலைவருக்கு வேறொரு அவசரம். சனிக்கிழமை சம்பந்தி சங்கத்தைப் பார்க்க வருகிறார். சம்பந்தி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். அவர் முன்னால் ஜன்னல் அல்வாவாக ஆட வேண்டும்.

"முதல் பந்தியில உக்காந்தவன் எவனாச்சும் பட்டினியா எழுந்துருக்கறானா மேடம்?" என்றார். மேடம் அசையவில்லை. அப்போதுதான் தலைவர் தன் தொழிலிலிருந்து ஒரு அஸ்திரத்தை எடுத்தார். "சரி, பழச எடுக்க வாணாம். பாவு முடியறப்ப இன்னா பண்றோம்? பழச அறுத்தெறிஞ்சுட்டா புதுச ஏத்தறோம்? பழைய நுனியில புதுச பிணைக்கறோம் இல்ல? அதே மாதிரி பண்ணுங்க. பழசும் இருக்கட்டும், புதுசும் இருக்கட்டும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்துருக்கட்டும்."

காஞ்சிபுரத்தில் இந்த வாதத்தை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. தறியில் பாவு தீரும்போது கடைசி நுனியை அப்படியே விட்டு, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழை ஒன்றை முறுக்கிச் சேர்ப்பார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தது. வேத பாடம் சொன்ன வீட்டிலிருந்து வந்த மேடமே ஒரு கணம் யோசித்துவிட்டு, "நியாயமாத்தான் இருக்கு," என்றார். நானும் தலையாட்டினேன். இப்படி மூன்று பெரியவர்கள், நல்ல படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள், நூலுக்குச் சரியாக இருப்பது கம்ப்யூட்டருக்கும் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தோம்.

லினக்ஸில் ஒருவருடைய படங்கள், வழக்கங்கள், விருப்பங்கள் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கும். அந்தப் பைக்கு அவர்கள் பாஷையில் வீடு என்றே பெயர். தனித்தனி வீடு கொடுத்திருந்தால் தொல்லை இல்லை. நாங்களோ பிணைக்க வேண்டும் என்று பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே வீட்டில் குடிவைத்தோம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, தலைவர் கையால் கற்பூரம் காட்டி புதியதை ஏற்றினோம். சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது. வேலை முடியுமுன் மின்சாரம் போய்விடுமோ என்று நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. திறந்துபார்க்கும் வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

சனிக்கிழமை காலை சம்பந்தியும், தலைவரும், தலைவரின் மனைவியும் உள்ளே வந்து நிற்கிறார்கள். மேடம் புதிய பதிப்பைத் திறந்தார். நீலத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. மேடத்தின் திரையில் எப்போதும் நிற்கும் ஐம்பத்தாறு படங்களில் ஒன்றுகூட இல்லை. கீழே பட்டை இல்லை. மூலையில் இட்லித் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லையே," என்றார். "டெஸ்க்டாப்பை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க."

தலைவர் மனைவி அப்படி ஏமாறுகிறவர் இல்லை. "அன்னம் எங்க?" என்றார்.

"உள்ள இருக்கும்மா," என்றார் தலைவர்.

"உள்ள இருக்கறதுக்கு அது இன்னா குளத்து மீனா? காட்டச் சொல்லுங்க."

மேடம் பதறாமல் புதியதை மூடிவிட்டுப் பழைய பதிப்பைத் திறந்தார். அங்கேயும் மூளி. புதிய மருமகள் வந்த அன்றே அடுக்களையில் எல்லா டப்பாவையும் இடம் மாற்றி, பழைய மருமகளுக்கு உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் போன கதை. படங்கள் அழியவில்லை, தேடினால் ஒரு மூலையில் பத்திரமாகக் கிடந்தன. ஆனால் அன்னத்தைத் திறந்தால் கட்டங்களின் அளவு மாறிப்போயிருந்தது. தறிக்கு ஏற்றபடி மேடம் பல வருஷமாகச் சரிசெய்து வைத்திருந்த அளவுகள் எல்லாம் போய்விட்டன. திரையில் நின்ற அன்னம் வாத்தாகக்கூட இல்லை. நீட்டி நசுக்கிய ஒட்டகம் மாதிரி இருந்தது.

தலைவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் தலைவர் தலைவர்தான். "சம்பந்தி, வரதர் கோயில் பல்லி பாத்ததில்லையே நீங்க? வாங்க, தங்கப் பல்லி வெள்ளிப் பல்லி ரெண்டையும் தொட்டுட்டு வந்துரலாம்," என்று அவரை வெளியே நடத்திக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தறியில் நூல் அறுந்தால் நெசவாளர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தலைவர் மனைவி போகவில்லை. நாற்காலியை இழுத்து மேடத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். "இத பாருமா. எம் பொண்ணு மணையில உக்காரும்போது ஒட்டகத்தைக் கட்டிக்கினு உக்காராது. அன்னம் வந்தாத்தான் நான் எழுந்துருப்பேன்."

மேடம் எழுந்து தன் கைப்பையை எடுத்தார். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்று வெளியே வந்தது. அதுதான் இந்த சிடி. வியாழக்கிழமையே, தலைவர் கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே, தன் வீடு முழுவதையும் அதில் நகல் எடுத்து வைத்திருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்படி ஆகும்னு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றேன்.

"தெரியாது சார். பயம்."

அந்த ஒரு சொல்லில் எனக்குக் கிடைத்த ஆறுதலை எப்படிச் சொல்வது? என்னைப் போல் பயப்படுகிற இன்னொரு ஆள் அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். வித்தியாசம் இதுதான்: நான் பயந்தால் எண்ணுவேன், அவர் பயந்தால் நகல் எடுப்பார்.

பல்லியைத் தொட்டுவிட்டு, பிரசாதமும் வாங்கிக்கொண்டு சம்பந்தி திரும்பி வந்தபோது பழைய பதிப்பு பழைய முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அன்னத்துக்கு மூக்கு, கழுத்து, வால் எல்லாம் இருந்தன. தலைவர் மனைவி எழுந்தார். சம்பந்தி மட்டும், "முன்ன இருந்ததுதான் சுத்தமா இருந்துச்சு," என்றார். புதன்கிழமை அட்டை முசரவாக்கம் போனது. அதன் பிறகு எங்கள் சங்கத்தில் புதிய பதிப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் தலைவரே, "ரெண்டாம் பந்தி, ரெண்டாம் பந்தி," என்று கையை அசைத்துவிடுவார்.

கல்யாணத்தன்று பெண் அன்னத்தோடுதான் மணையில் உட்கார்ந்தாள். முகூர்த்தம் முடிந்ததும் தலைவர் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து முதல் பந்திக்கு இழுத்தார். மேடம் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டார். நான் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பாரில் உப்பே இல்லை. நிமிர்ந்தால், கூடத்து வாசலில் நின்று மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தை உயர்த்தினார். எத்தனை பேர் அழறா? நான் சுற்றிப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இரண்டாம் பந்தியில் அவர் உட்காரவில்லை. ரசம் ஆறிப்போனது என்று அதிலும் பத்துப் பேர் முணுமுணுத்ததை நான் நேர்மையாக, ஒன்றுகூடக் குறைக்காமல், விரலில் காட்டித் தொலைத்தேன். மூன்றாம் பந்தியில் எல்லாம் சரியாக இருந்தது, பாயசம்தான் இல்லை.

விஷயம் தெரிந்து தலைவர், வீட்டாருக்கென்று எடுத்து வைத்திருந்த பாயசத்தை ஒரு டம்ளரில் தானே கொண்டுவந்தார். "இன்னா மேடம், உங்க கணக்கே உங்கள கவுத்துடுச்சா?"

"கணக்கு சரி தலைவரே. எண்ணினவர் ரொம்ப நேர்மை," என்றார் மேடம், என்னைப் பார்த்து.

நான்காம் பதிப்பை மேடம் அடுத்த வருஷம்தான் எடுத்தார், அழுகிறவர்கள் ஒன்பதாகக் குறைந்த காலையில். ஒரு வில்லங்கமும் நடக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலையும் சால்வையும் மேசையில் வைத்துவிட்டு, இந்த சிடியை என் கையில் கொடுத்தார். "இனிமே இது ஒண்ணுத்துக்கும் ஆகாது சார். ஆனா தூக்கிப் போட்டுடாதேங்கோ." அவர் போய் மூன்று வருஷமாகிறது. செய்தி வந்த அன்று தலைவரும் நானும் சேர்ந்துதான் போனோம். தெருவில் நின்றிருந்த கூட்டத்தை நான் எண்ணவில்லை.

இன்று காலை என் கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு பெட்டி எழுந்தது. புதிய பதிப்பு தயார், இப்போதே ஏற்றலாமா, பிறகா என்று கேட்டது. இணையத்தைத் திறந்து வழக்கம்போல எண்ணினேன். பிறகு அலமாரியைத் திறந்து, கண்ணாடிக் கூடுகளை நகர்த்திவிட்டு, பச்சை மையைப் பார்த்துச் சொன்னேன்: "முப்பத்தொண்ணு மேடம். அதுல ஆறு ஒரே ஆளு."

சமையலறையிலிருந்து மனைவி குரல் வந்தது. "அங்க யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, முதல் பந்தி நடந்துக்கினு இருக்குது," என்றேன். "பிறகு" என்பதை அழுத்தினேன்.